போல்ட் போட்டு இழுக்கக் கூடாது

கிளட்ச் மிதி இல்லாத காரை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன். வண்டிக்காரர் சிரிக்காமல் நின்றது அவருடைய பெருந்தன்மை.

அப்போதெல்லாம் கடலூரில் ஆட்டோமேட்டிக் வண்டி ஆடிக்கும் அமாவாசைக்கும்தான் பட்டறைக்கு வரும். இப்போது என் தெருவில் நிற்கும் கார்களில் பாதி அப்படித்தான். போன மாதம் எங்கள் மெக்கானிக் சங்கத்தின் செயலாளர் ரவி வீட்டுக்கு வந்தார். "மாமா, சங்கத்து மலருக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுக்கணும். டார்க் கன்வெர்ட்டர் மாட்டுறதப் பத்தி. நம்ம ஆளுங்க இன்னமும் பம்ப்ப ஒடைச்சிக்கிட்டேதான் இருக்கறாங்க" என்றார். இதைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதினால் யாரையும் நேரில் திட்ட முடியாது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

என் பெயர் ஏழுமலை. கடலூர் முதுநகரை ஒட்டிய குப்பத்துக்காரன். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனார்கள். எனக்கு அலையைப் பார்த்தாலே குமட்டும். கரையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்று போட் எஞ்சின் பழுது பார்க்கும் இடத்தில் விட்டார்கள். அங்கிருந்து லாரிப் பட்டறை, அங்கிருந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு கார் பட்டறை. இருபத்தைந்து வருஷக் கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் கிரீஸ் வாடைதான் அடிக்கும்.

2004-இல் எங்கள் முதலாளி ஒரு புது ஃபோர்மேனைக் கொண்டுவந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பெயர் ஹபீப். குவைத்தில் பல வருஷம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்த்தவர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். அந்த நாற்காலி எனக்குத்தான் வரும் என்று பட்டறையில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் வந்த அன்று நான் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. போனால் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமே.

அவரோ நேராக என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் இங்க மூத்தவருன்னாங்க. உங்க கையப் பாக்கணும்" என்றார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கைண்ணே. கொஞ்சம் அவசரம் ஜாஸ்தி" என்றார். விரலில் இருந்த வெட்டுத் தழும்புகளைப் பார்த்துச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. அப்போது புரியவில்லை. மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹபீப் பாய் சத்தம் போடுகிற ஆள் இல்லை. தப்பாக ஒன்றைச் செய்தால் 'ஏன் செஞ்ச' என்று கேட்க மாட்டார். அதற்குச் சம்பந்தமே இல்லாதது போல ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்லிக்கொண்டே வரும்போது பாதி வழியில் நமக்கே உறைக்கும். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார். திட்டு வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்தத் துடைப்பைத் தாங்க முடியாது.

சங்கத்து ஆட்களுக்குத் தெரியும். மலரைப் புரட்டப்போகும் அவர்கள் வீட்டாருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர். பார்ப்பதற்கு இரும்பில் செய்த பறங்கிக்காய், உள்ளே எண்ணெய். எஞ்சின் அந்த உருண்டையைச் சுழற்றும். உள்ளே சுழலும் எண்ணெய், கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுழற்றும். மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. இடது காலுக்கு வேலையே கிடையாது.

இந்தப் பறங்கிக்காயை முதலில் கியர்பாக்ஸின் வாய்க்குள் உட்கார வைக்க வேண்டும். அதன் கழுத்து மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். இரண்டு இடத்தில் பல் வரிசை. மூன்றாவது, ஆழத்தில் இருக்கும் எண்ணெய்ப் பம்ப்பின் இரண்டு காதுகள். கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினால் டக் என்று கொஞ்சம் உள்ளே இறங்கும். மறுபடி சுற்றினால் இன்னொரு டக். ஆள் அங்கேயே திருப்திப்பட்டு எழுந்துவிடுவான். மூன்றாவது டக்தான் பம்ப்பைப் பிடிப்பது. அது விழாவிட்டால் கன்வெர்ட்டர் ஒரு விரல் கனம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படியே கியர்பாக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தால் சேராது, நடுவில் ஒரு விரல் சந்து இருக்கும்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் வினையாக வந்து நிற்கிறது. லாரியில் வளர்ந்த மெக்கானிக் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கியர்பாக்ஸ் கடைசி விரல் கனத்துக்கு அடம் பிடித்தால், இரண்டு பக்கமும் நீளமான போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கி இழுத்துவிடுவோம். முனகிக்கொண்டே வந்து உட்காரும். லாரியில் அது பெரும்பாலும் பலிக்கும். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இழுத்தால் துருத்திக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டர் பம்ப்பின் காதை நசுக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட் செய்த பிறகுதான் ஊளைச் சத்தம் கேட்கும், வண்டி நகராது, எண்ணெயில் இரும்புத் தூள் ஓடும்.

பாய் வந்த பிறகு எங்களுக்கு வந்த முதல் ஆட்டோமேட்டிக், திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவருடையது. ராகு காலத்துக்கு முன்னால் வண்டி பட்டறை வாசலைத் தாண்ட வேண்டும் என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தோடு டிரைவரை அனுப்பியிருந்தார். கியர்பாக்ஸை ஏற்றினோம். ஒரு விரல் சந்து நின்றது. போல்ட்டுக்காகத் தட்டில் கையை விட்டேன். தட்டு காலி.

"போல்ட்டு எங்கய்யா?" என்று கத்தினேன்.

பாய் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய டிபன் பாக்ஸ். அதை லேசாக ஆட்டிக் காட்டினார். கலகலவென்றது.

"சாப்பாட்டு டப்பாவுல போல்ட்டா?"

"சாப்பாடு முடிஞ்சிடுச்சுண்ணே. எடம் காலியாத்தான இருக்குது."

"பாய், வெளயாடாதீங்க. ஒரு வெரல்தான் பாக்கி. ரெண்டு போல்ட்டப் போட்டு இழுத்தா தானா வந்துடும்."

"வரும்ணே. ஆனா அந்த ஒரு வெரல் எங்க போவும்?"

அந்த ஒரு விரல் எங்கே போகும் என்று நான் இருபத்தைந்து வருஷத்தில் யோசித்ததே இல்லை. இரும்பு நசுங்கினால்தான் அது போக முடியும். இறக்கிப் பார்த்தோம். இரண்டு டக்கோடு நின்றிருந்தது. மறுபடி சரியாக உட்கார வைத்து ஏற்றுவதற்குள் ராகு காலம் வந்து, இருந்து, போயும்விட்டது. எலுமிச்சம்பழத்தை டிரைவர் சோடாவில் பிழிந்து குடித்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் போனில் கத்தியதை பாய் கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

அன்றிலிருந்து அதுதான் பட்டறையின் சட்டம். கன்வெர்ட்டர் மாட்டுகிற வேலை என்றால் போல்ட் எல்லாம் பாயின் டிபன் பாக்ஸுக்குள் போய்விடும். முதலில் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும். வெறும் வயிற்றோடு மாட்டினால் முதல் சுற்றிலேயே பம்ப் காய்ந்து தேயும். கழுத்திலும் எண்ணெய் சீலின் உதட்டிலும் எண்ணெய் தடவ வேண்டும். கியர்பாக்ஸை வாய் மேலே பார்க்க நிறுத்தி, கன்வெர்ட்டர் தன் கனத்திலேயே இறங்கும்படி சுற்ற வேண்டும். மூன்று டக் விழுந்ததும் வாயின் குறுக்கே நேரான கம்பியை வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஸ்கேலில் அளக்க வேண்டும். "காது பொய் சொல்லும்ணே, கையும் சொல்லும். ஸ்கேலுக்கு நம்ம மேல பாசம் கெடயாது" என்பார் பாய். அளவு சரி என்றால், கியர்பாக்ஸைச் சாய்க்கும்போது கன்வெர்ட்டர் முன்னால் நழுவாமல் இருக்க, குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைப் பூட்ட வேண்டும். எஞ்சினோடு சேர்க்கும் நேரத்தில்தான் அதைக் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸ் வெறும் கையால் தள்ளியே சந்து இல்லாமல் சேர வேண்டும். கீழே இருக்கும் ஓட்டை வழியாக விரலை விட்டுச் சுற்றினால் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் பிறகுதான் டிபன் பாக்ஸ் திறக்கும்.

மூன்றாவது டக்கை எனக்குச் சீக்கிரமே பிடிபட வைத்தது பாய் அல்ல, என் குப்பம். சின்ன வயதில் பாறை ஓரம் தூண்டில் போட்டிருக்கிறேன். மீன் இரையை முகர்வது வேறு, கடிப்பது வேறு; தூண்டில் நரம்பு சொல்லிவிடும். கன்வெர்ட்டரும் அப்படித்தான் சொல்லும். இதை பாயிடம் சொன்னபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, இத்தினி வருஷம் எனக்கு இதுக்குப் பேரு தெரியல" என்றார். மூன்று மாதத்தில் அன்றுதான் அவரோடு டீ குடிக்கப் போனேன்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் குப்பத்தில் மிஞ்சிய படகுகளின் எஞ்சின்களுக்குள் மணலும் உப்புத் தண்ணீரும் அடைத்துக் கிடந்தன. பாய் முதலாளியிடம் சொல்லிவிட்டு என்னோடு குப்பத்துக்கு வந்தார். போட் எஞ்சின் அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவிக் கொடுத்தார். என் பெரியண்ணன் மகனை நாங்கள் இழந்திருந்தோம். அண்ணனுடைய எஞ்சினை மட்டும் பாயே தனியாக எடுத்து வைத்துக் கழுவினார். அதன்பிறகு எனக்கு அந்த நாற்காலியின் மேல் ஆசை போய்விட்டது.

சில வருஷம் கழித்து முதலாளி சிதம்பரத்தில் ஒரு கிளை திறந்தார். அண்ணாமலை நகருக்குப் போகும் வழியில், முன்பு வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் நடந்த ஷெட். பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பாய் கடலூரிலேயே இருந்தார். சந்தேகம் என்றால் போன். எனக்குச் சந்தேகம் வருவதை ஒத்துக்கொள்ளப் பிடிக்காது. ஆகவே நலம் விசாரிப்பதுபோல ஆரம்பித்து மெதுவாக விஷயத்துக்கு வருவேன். அவரும் தெரியாததுபோலக் கேட்டுக்கொள்வார்.

2012-இல், நான் ஓய்வு பெற இருந்த மாதத்தில், ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்த கார். பின்சக்கரத்தில் ஓடும் பெரிய வண்டி, ஆட்டோமேட்டிக். வண்டியோடு ஆட்டோவில் ஓர் அம்மாவும் அவர் தம்பியும் வந்தார்கள். அந்த அம்மா இறங்க நேரம் பிடித்தது. இடது காலில் இரும்பு கட்டியிருந்தார், கக்கத்தில் ஊன்றுகோல்.

பெயர் எஸ்தர், ஸ்கூல் டீச்சர். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ. சின்ன வயதில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் அவர் பள்ளிக்கூடம் போவாராம். மேடு வந்தால் தள்ளுவதற்கு அப்பா பின்னாலேயே நடந்து வருவாராம். இப்போது அண்ணாமலை நகரில் வாடகை வீடு. வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவிலேயே. தினமும் உள்ளே கொண்டுபோய் விடுவது தம்பி டேவிட். அந்தத் தெருவைத் தாண்டி எங்கே போவதென்றாலும் அவர்தான் வர வேண்டும். அவருக்கு மருந்துக்கடை வியாபாரம், அதுவும் கடலூரில்.

டீச்சருக்குக் கீரப்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பஸ் படி அவருக்கு ஏற முடியாத உயரம். அதற்காகத்தான் இந்த வண்டியை வாங்கி, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தார். தனியாக ஓட்டத் துணிவதற்குள் கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. வேறு ஒரு ஷெட்டில் கொடுத்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசி ஒரு விரலுக்குப் போல்ட் போட்டு இழுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தேன். பம்ப்பின் காது ஒடிந்து தூளாகக் கிடந்தது.

"சரியாவுமாண்ணே?" என்றார் டீச்சர்.

"பொருள் வந்துட்டா ஆவும் டீச்சர். ஆனா திங்கக்கெழமைன்னா கொஞ்சம் இழுபறிதான்."

டேவிட் சொன்னார்: "நா அப்பவே சொன்னேன்க்கா. வேணாம்னு எழுதிக் குடுத்துடு. இங்கயே பக்கத்துல நிம்மதியா இரு. தெனம் யாரு உன்ன அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போறது?" அவர் கெட்டவர் இல்லை. அக்காவின் ஊன்றுகோலைத் துடைத்துத்தான் கையில் கொடுப்பார். களைத்துப்போனவர், அவ்வளவுதான்.

"போன தடவையும் வந்துச்சுண்ணே" என்றார் டீச்சர் என்னைப் பார்த்து. "அப்பயும் வேணாம்னு எழுதிக் குடுத்தேன். இன்னொரு தடவ எழுத எனக்குக் கை வராது."

பாய்க்குப் போன் போட்டேன், நலம்கூட விசாரிக்கவில்லை. அவர் சென்னையில் யார் யாரையோ பிடித்து, பம்ப்பையும் அந்த வண்டிக்குரிய நல்ல கன்வெர்ட்டரையும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து டீச்சர் எங்கள் ஷெட்டில்தான் இருந்தார். போகச் சொன்னாலும் போகவில்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது, அந்த வருஷம் அது போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. எஞ்சினின் பின்பக்கத்தை, வண்டியின் மட்கார்டுகளுக்கு மேல் குறுக்கே வைத்த கம்பியில் சங்கிலி போட்டுத் தாங்கியிருந்தோம். புதுப் பம்ப் போட்டு, கன்வெர்ட்டருக்கு எண்ணெய் ஊற்றி, நானே உட்கார வைத்தேன். மூன்று டக். ஸ்கேல் வைத்தேன். அளவு சரி. பட்டையைப் பூட்டி, கியர்பாக்ஸை ஜாக்கியில் வைத்து உள்ளே தள்ளினோம். ஏற்றி, பட்டையைக் கழற்றி, எஞ்சினோடு சேர்த்தோம். ஒரு விரல் சந்து. கீழே ஓட்டை வழியாக விரலை விட்டேன். கன்வெர்ட்டர் அசையவில்லை.

இறக்கினோம். அது முன்னால் நழுவி வந்திருந்தது. மறுபடி மூன்று டக், மறுபடி ஸ்கேல், மறுபடி ஏற்றினோம். அதே ஒரு விரல்.

டேவிட் குனிந்து பார்த்தார். "அதான் கிட்ட வந்துடுச்சே மேஸ்திரி. போல்ட்டப் போட்டு இழுத்துட வேண்டியதுதான?"

"போன ஷெட்டுல அதத்தாங்க செஞ்சாங்க."

"அப்ப என்னதான் பண்றது? நாளைக்கு ஞாயித்துக்கெழம. நாங்க கோயிலுக்குப் போவணும். திங்கக்கெழம காலைல அவங்க அங்க நிக்கணும். ஆவலன்னா ஆவலன்னு சொல்லிடுங்க, நா எழுதிக் குடுக்கச் சொல்லிடுறேன்."

என் ஆட்களே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். போல்ட் எல்லாம் என் காக்கிச் சட்டைப் பையில் இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்தப் பையைத் தொட்டது. இரண்டே போல்ட். ஒருவேளை ஒன்றும் உடையாமலும் இருக்கலாம். டீச்சரைப் பார்த்தேன். அவர் டேவிட்டிடம், "தம்பி, நீ சும்மா இரு. அவங்க வேலைய அவங்க பாக்கட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் அழுதிருந்தால் நான் முறுக்கியிருப்பேனோ என்னவோ.

வெளியே வந்து பாய்க்குப் போன் செய்தேன்.

"ரெண்டு தடவ எறக்கி ஏத்திட்டேன் பாய். மூணு டக்கும் வுழுவுது. அளவும் சரியா நிக்குது. மேல கொண்டுபோயி பட்டையக் கழட்டினா ஒரு வெரல் வெளிய வந்துடுது. நீங்க அனுப்புன கன்வெர்ட்டரு வேற வண்டியோடது. மாத்திக் குடுத்துட்டான் அந்தச் சென்னைக்காரன்."

போனில் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்: "அண்ணே, வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குது?"

"ரோட்டப் பாக்குது. அதுக்கென்ன இப்ப?"

"அந்த ஷெட்டுல தண்ணி ஊத்திக் கழுவுனா எந்தப் பக்கம் ஓடும்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. இங்கே ஒரு பெண்பிள்ளையின் வேலை போகப்போகிறது, இவர் தரை கழுவுவதைப் பற்றி விசாரிக்கிறார். "ரோட்டு ஓரத்துச் சாக்கடைக்குத்தான் ஓடும், வேற எங்க..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கியர்பாக்ஸிலிருந்து சிந்திய சிவப்பு எண்ணெய் சிமெண்ட் தரையில் கோடு இழுத்ததுபோல ஓடியிருந்தது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம், வண்டியின் மூஞ்சியைத் தாண்டி, ரோட்டை நோக்கி. காலையிலிருந்து அதை மிதித்து மிதித்து நடந்திருக்கிறேன்.

அது வாட்டர் சர்வீஸ் ஷெட். தண்ணீர் தேங்காமல் ஓடத் தரைக்கு நல்ல வாட்டம் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். வண்டி பள்ளத்தைப் பார்த்து நின்றது. அதற்கு நேராகத் தூக்கிய கியர்பாக்ஸின் வாயும் பள்ளத்தைப் பார்த்தது. பட்டையைக் கழற்றியதும் எண்ணெய் நிறைந்த அந்தக் கனமான உருண்டை தானாகவே நழுவி முன்னால் வந்துவிட்டது. கன்வெர்ட்டர் மேல் குற்றமில்லை, சென்னைக்காரர் மேலும் இல்லை.

"பாய்," என்றேன்.

"தெரியுதாண்ணே? அப்ப வெச்சிடுறேன்" என்றார்.

ஷெட்டுக்குள் போய், "வண்டியத் திருப்பணும்" என்றேன். எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள். கியர்பாக்ஸை வெளியே எடுத்து, ஸ்டாண்டுகளிலிருந்து வண்டியை இறக்கி, சங்கிலியில் எஞ்சின் தொங்க, வாசலுக்குத் தள்ளி, மூஞ்சி மேட்டைப் பார்க்கும்படி திருப்பிக் கொண்டுவர வேண்டும். தள்ளுவதற்கே ஆள் போதாது, ஸ்டியரிங் பிடிக்க வேறு ஒருவர் வேண்டும். எஞ்சின் ஓடாதபோது அந்த வண்டியின் ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும்.

"நா ஒக்காறேன்" என்றார் டீச்சர்.

"டீச்சர், அது ரொம்ப டைட்டா இருக்கும்."

"பத்து வருஷம் கையால வண்டி ஓட்டுனவதாண்ணே நான்." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊன்றுகோலை டேவிட்டிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நாங்கள் தள்ளினோம். டேவிட்டும் ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வாசலில் முன்னும் பின்னுமாக, ஒரு வட்டம். ரோட்டில் போன சைக்கிள்காரர்கூட இறங்கி வந்து ஒரு கை போட்டார். "இன்னும் வலப்பக்கம் டீச்சர், இன்னும், இன்னும்" என்று நான் கத்த, "எனக்குத் தெரியுதுண்ணே, நீங்க தள்ளுங்க" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். வியர்வையில் நனைந்துபோய் அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று காலையிலிருந்து யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுபடி ஸ்டாண்ட், மறுபடி மூன்று டக், ஸ்கேல், பட்டை. கியர்பாக்ஸ் இப்போது வாயைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஏறியது. பட்டையைக் கழற்றினோம். வெறும் கையால் தள்ளினோம். சந்து மூடிக்கொண்டது. ஓட்டைக்குள் விரலை விட்டேன். கன்வெர்ட்டர் வழவழவென்று சுற்றியது. போல்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக விரலாலேயே திருகி ஏற்றினேன். வெளிச்சம் இருக்கும்போதே வண்டி ஸ்டார்ட் ஆனது. ஊளைச் சத்தம் இல்லை. டேவிட் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு, நானே வண்டியைப் பிச்சாவரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, எண்ணெய் அளவைச் சரி செய்து கொடுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போய், "முதல் நாளு, நா கூட வரேன் டீச்சர். வழில எதுனா ஆச்சுன்னா ஆள் வேணும்ல" என்றேன். டேவிட் கடையைத் திறக்கக் கடலூருக்குப் போயிருந்தார். டீச்சர் சரி என்று தலையாட்டினார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

வண்டியைப் பார்த்து ஓட்டினார், பதறவில்லை. எதிரே பஸ் வந்தால் மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் பாதை எதையும் பார்க்கவில்லை. கியர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கியர் மாறுவதே தெரியாமல் மாறியது. கீரப்பாளையத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் தெரிய ஆரம்பித்த இடத்தில், ஒரு வேப்பமரத்து ஓரமாக நிறுத்தினார்.

"என்ன டீச்சர், சத்தம் எதுனா கேக்குதா?"

"இல்லண்ணே." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கயே எறங்கிக்கிறீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"நா படிச்ச ஸ்கூலு, வேல பாத்த ஸ்கூலு, எந்த கேட்டுக்குள்ளயும் நா தனியாப் போனதில்ல. அப்பா வருவாரு, இல்லன்னா தம்பி. இன்னிக்கி நா மட்டும் போறேன்."

இறங்கிக்கொண்டேன். கதவை நன்றாகச் சாத்தினேன். அவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்துகொண்டார். வண்டி கிளம்பியது. பஸ் ஸ்டாப் பக்கம் போகாமல் நான் ரோட்டு ஓரத்திலேயே நின்றேன். பள்ளிக்கூடத்து கேட்டில் ஒரு பக்கக் கதவுதான் திறந்திருந்தது. டீச்சர் ஹாரன் அடித்தார். யாரோ ஓடிவந்து மறு கதவையும் திறந்தார்கள். வண்டி நிற்காமல் உள்ளே போயிற்று.